மெஷினுக்கு மார்க் போட்டவர்

என் அக்கா கணவர் எக்ஸ்ரே படம் பார்த்து முடிவு எழுதும் டாக்டர். படம் பார்த்து நோய் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மெஷின் ஒன்றை வாங்கலாமா என்று சோதிக்க, ஆஸ்பத்திரி அவரைத்தான் பிடித்தது.

முறை எளிது. முதலில் அவர் படத்தைப் பார்த்து எழுத வேண்டும். பிறகு மெஷினின் பதிலைத் திறந்து ஒப்பிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்குப் போனபோது, அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த வேலையைச் செய்வதைக் கண்ணாரப் பார்த்தேன். அத்தான் மெஷினின் பதிலைத்தான் முதலில் திறப்பார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அதையே தன் முடிவாக எழுதுவார். பரீட்சையில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியவன், அந்த பெஞ்சுக்காரனுக்கே மார்க் போட உட்கார்ந்த கூத்து. அமோகப் பொருத்தம் என்று மேலிடம் புல்லரித்துப் போனது. கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஆமாம் டாக்டர்'. அதையும் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தார், பாவி மனுஷன்.

வெளிநாட்டில் இருப்பவனுக்கு வீட்டில் யார் இருமினாலும் பெரிய நோயாகவே தோன்றும். அக்காவுக்கு விடாத இருமல். நான் நச்சரித்ததில் படம் எடுத்தாள்.

"ஒண்ணுமில்ல, கிளியரா இருக்கு" என்றார் அத்தான்.

"நீங்க பாத்தீங்களா, அது பாத்துச்சா?" என்றாள் அக்கா.

"ரெண்டு பேரும்தாம்மா."

"யாரு முதல்ல?"

அத்தான் தண்ணீர் குடித்தார்.

அக்கா அவருடைய கம்ப்யூட்டரில் தன் படத்தைத் திறக்கச் சொல்லி, மெஷினின் பதில் இருந்த பக்கத்தைத் துண்டால் மூடினாள். "இப்ப சொல்லுங்க."

பெரிதாக்கினார், சிறிதாக்கினார். காது சிவந்தது. கை தானாகத் துண்டின் ஓரத்துக்குப் போனது. அக்கா பட்டென்று தட்டிவிட்டாள்.

"பொண்டாட்டி நெஞ்சுக்குமா பிட்டு அடிப்பீங்க?"

மறுநாள் அவளை வேறொரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். இதயத்தின் நிழலுக்குப் பின்னால் பதுங்கியிருந்த புள்ளியை அந்தம்மா தொட்டுக் காட்டினார். ஆரம்ப நிலைதான், வெட்டி எடுத்தார்கள்.

வீடு திரும்பிய அக்காவைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அத்தான், "நல்லவேளை, சீக்கிரமே கண்டுபிடிச்சிட்டோம்" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அவர்கள் போகும்வரை பொறுத்திருந்தாள் அக்கா.

"என் படத்துக்கு மெஷின் சொன்னத 'சரி'ன்னு போட்டீங்களே, அத மாத்தினீங்களா?"

"மெஷின் ரிப்போர்ட் மேலிடத்துக்குப் போயிடுச்சும்மா. ஒரே ஒரு படத்துக்காக இப்ப போய்..."

அக்கா தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "தம்பி, போனை எடு. ஆஸ்பத்திரிக்குப் போடு. நானே பேசறேன்."

"வேணாம்மா" என்றார் ஆமாம் டாக்டர். அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல்லை நான் அன்றுதான் கேட்டேன்.

நம்பரைப் போட்டு, போனை அக்காவிடம் கொடுத்தேன்.