வரப்பில் நடந்த ஆஸ்பத்திரி

எங்கள் வேலையில் ஆம்புலன்ஸ் ஓட்டுபவனுக்குப் பைலட் என்று பெயர். அந்தப் பைலட், அதாவது நான், உத்திரமேரூர் பக்கம் ஓர் ஏரிக்கரையில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே, ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்த தண்ணீர் பாதையை அறுத்துப் போட்டிருந்தது. வயல்களுக்கு அந்தப் பக்கம், பாம்பு கடித்த ஏழுமலை. அவர் மனைவி போனில் அழுதுகொண்டிருந்தார்.

"வண்டி போவாது மேடம். வேற வண்டி சொல்லலாமா?" என்றேன்.

மேடம் என்றால் ஷமீம். வண்டியில் கூட வந்து முதலுதவி செய்யும் இ.எம்.டி. பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் மகள். என் வயதில் பாதி.

"அது மட்டும் பறந்து வருமாண்ணா? ஸ்ட்ரெச்சரப் புடி" என்று தண்ணீரில் இறங்கிவிட்டார். போனில், "அக்கா, அவர நடக்க வுடாதீங்க. வெசம் சீக்கிரம் ஏறும். நாங்க வந்துக்கினே கீறோம்."

பாம்பு கடித்தவரிடம் போகும் வழியில் பாம்பு இருக்காதா? வரப்பில் கிடந்த மோட்டார் ஹோஸைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் கொக்குகள் பறந்தன. என்னைத் தேற்ற ஷமீம் பேச்சுக் கொடுத்தார்.

"ஆம்புலன்ஸுன்னா இன்னா அர்த்தம் தெரியுமாண்ணா?"

"வயி வுடுங்கடான்னு அர்த்தம்."

"லத்தீன்ல அதோட வேரு, நடக்கிறதுன்னு அர்த்தம். படை போற எடத்துக்கெல்லாம் கூடவே போன ஆஸ்பத்திரிய பிரெஞ்சுக்காரங்க 'நடக்கிற ஆஸ்பத்திரி'ன்னாங்க. அதுலருந்து வந்த பேரு."

"அப்போ வண்டி?"

"அதெல்லாம் அப்பறம் வந்துது. பேசாம நட."

அங்கே ஏழுமலை இரண்டு பேர் தோளைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தார். "நடந்தே வந்துடறேன்மா" என்றார், நாக்குக் குழற.

"நீங்க படுங்க. நடக்கிறது எங்க வேல."

கடிபட்ட கால் அசையாமலிருக்க, ஷமீம் பலகை வைத்துக் கட்டினார். முன்னால் நான், பின்னால் ஏழுமலையின் மச்சான், தூக்கினோம். பாதி வழியில் ஏழுமலைக்கு மூச்சு திணறியது. எனக்கும்தான். வரப்பில் ஸ்ட்ரெச்சருக்கு மட்டுமே இடம். ஷமீம் முழங்கால் சேற்றில் இறங்கி, கூடவே நடந்தபடி ஆம்பு பேக்கை அமுக்கி அவருக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். கால் வழுக்கியபோதும் கை நிற்கவில்லை. எத்தனையோ வருடமாக வண்டி ஓட்டுகிறேன், அப்படி ஒரு நடையைப் பார்த்ததில்லை.

ஏழுமலை பிழைத்தார். டிஸ்சார்ஜ் அன்று, "வூட்ல வுடட்டா?" என்று கேட்டேன்.

"வாணாம் நைனா. கண்ணு தொறக்க முடியாம படுத்துக்கினு இருந்தப்பவே நீ ஓட்டுன லட்சணம் தெரிஞ்சுது."

புதிதாகச் சேரும் பைலட்டுகளுக்கு நான் சொல்வது இதுதான்: ரோடு முடிகிற இடத்தில் வண்டிதான் நிற்கவேண்டும். நீங்கள் இறங்கி நடங்கள். பயமும் கூடவே வரும், வரட்டும்.