அக்கா வாயிலிருந்து விழுந்த பறி

ஏரியில கையால இறால் புடிக்கிறவங்களுக்கு ரெண்டு கையும் சேத்துக்குள்ள இருக்கும். அதனால பறி வாயில. பனை ஓலையில முடைஞ்ச கூடை அது. அதோட கயித்தைப் பல்லால கடிச்சுக்கினு, மார்பளவு தண்ணியில குந்தினாப்புல நகர்ந்து போவோம். விரல்ல இறால் தட்டுச்சுன்னா புடிச்சு, முகத்துக்கு முன்னாடி மிதக்கிற பறியில போட்டுடணும். நானும் எங்கக்காவும் கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்து பழவேற்காட்டு ஏரியில பக்கத்துல பக்கத்துல இப்படித்தான் நகர்ந்துக்கினு இருக்கோம். அவ வாயிலிருந்து பறி விழுந்து நான் பார்த்ததே இல்ல.

அந்த வெள்ளிக்கிழமை மூணு தடவை விழுந்துச்சு.

முதல் தடவை சிரிச்சேன். ரெண்டாவது தடவை பறி கவுந்து, புடிச்ச இறாலெல்லாம் தண்ணியோட போச்சு. மூணாவது தடவை எனக்குக் கோவம் சுர்ருனு ஏறிடுச்சு. "இன்னாக்கா, தூங்குறியா? காலங்காத்தால இன்னாத்தைப் போட்டுட்டு வந்தே?"னு கத்தினேன். அவ ஏதோ சொன்னா. சோத்து உருண்டையை வாயில வெச்சுக்கினு பேசுற மாதிரி இருந்துச்சு. வாயோட வலது ஓரத்துல எச்சில் வழிஞ்சுது. புகையிலை அடக்கியிருக்கிறான்னு நினைச்சேன். வலது கையைத் தூக்க முடியாம தூக்கி, மரத்துப் போச்சுன்னு காட்டினா. "மார்கழித் தண்ணியில எவளுக்குத்தான் மரத்துப் போகல?"ன்னேன். எங்க ஆளுங்களுக்கு அது ஒரு வியாதியே இல்ல. மணிக்கணக்கா தண்ணியில கிடக்கிற கை மரத்துத்தான் போகும். ஆனா தண்ணி ரெண்டு கையையும்தானே மரக்க வைக்கும்? ஒரு கையை மட்டுமா மரக்க வைக்கும்? அந்தக் கேள்வி எனக்கு அப்ப வரல. பாவி, வரவே இல்ல.

கரை ஏறி, வெயில்ல குந்தி, டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அவ பேச்சு நேராயிடுச்சு. கையும் வந்துடுச்சு. "பாத்தியா, ஒண்ணுமில்ல"ன்னா. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? அன்னிக்கு சாயங்காலம் அவ பறியை எடுத்து, பழைய கயித்தை அறுத்துப் போட்டுட்டுப் புதுக் கயிறு கட்டினேன். பல்லுக்குப் பிடிமானமா இருக்கட்டும்னு துணி வேற சுத்திக் கொடுத்தேன். அக்காவை விட்டுட்டுப் பறியை ரிப்பேர் பண்ணேன். இப்ப நினைச்சாலும் சுவத்துல முட்டிக்கலாம் போல இருக்குது.

அவளுக்கு பிரஷர் இருக்குதுன்னு ஊருக்கு வர்ற நர்சம்மா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியாச்சு. மாத்திரையும் ஓசியிலதான் வந்துக்கினு இருந்துச்சு. ஆனா தண்ணியில இறங்குற நாள்ல அவ போடமாட்டா. "வெறும் வயித்துல போட்டுட்டு ஏரி நடுவுல தலை சுத்தினா நீயா தூக்குவே?"ம்பா. இறங்காத நாள்னு பார்த்தா வாரத்துல ஒண்ணு. அந்த ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. புகையிலையை விடுன்னா, குளிருக்கு வேற இன்னா கீதும்பா. உப்பைக் குறைன்னு நர்சம்மா சொன்னதுக்கு, "பொழுதன்னிக்கும் உப்புத் தண்ணியில கிடக்கிறவகிட்ட பேசுற பேச்சா இது?"ன்னு கருவாட்டைக் கடிச்சுக்கினே கேட்டா. நானும் சேர்ந்து சிரிச்சேன்.

அப்புறம் எட்டு நாள் பறி விழவே இல்ல. "பாத்தியா, கயிறுதான் காரணம்"னு நான் பீத்திக்கினேன்.

ஒன்பதாம் நாள் காலையில நாஷ்டாவுக்குக் குந்தினவ கையிலிருந்து கிண்ணம் நழுவி, கஞ்சி மடியில கொட்டுச்சு. துடைக்கக் கை எழும்பல. முகத்துல பாதி தொங்கிப் போச்சு. மாமா, அதான் அவ புருஷன், "வாதம் அடிச்சிருக்குது, புறா ரத்தம் தடவணும்"னு சைக்கிளை எடுத்துக்கினு புறா தேடிப் போனாரு. எங்க ஊர்ல அதுக்கு அதுதான் வைத்தியம். நான் விளக்கெண்ணெயைக் காய்ச்சி அவ கையை உருவிக்கினு குந்தியிருந்தேன். போன தடவை மாதிரி கொஞ்ச நேரத்துல சரியாயிடும்னு நம்பிக்கினு வேற இருந்தேன். புறா கிடைச்சு, அறுத்து, தடவி முடிக்கிறதுக்குள்ள வெயில் உச்சிக்கு வந்துடுச்சு. ரத்தம் அவ தோள்ல காய்ஞ்சு ஈ மொய்க்குது. அவ என்னையே பார்த்துக்கினு கிடக்குறா. அப்பத்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணேன்.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா முதல்ல கேட்டது, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" காலையில ஏழு மணின்னேன். அவங்க கடிகாரத்தைப் பார்த்தாங்க, முகம் மாறிடுச்சு. மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருக்குது, உடனே கொண்டு வந்திருந்தா அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம், அந்த நேரம் தாண்டிடுச்சுன்னாங்க. "இதுக்கு முன்னாடி வாய் கோணிச்சா? பேச்சு குழறிச்சா? ஒரு பக்கம் கை மரத்துச்சா? கொஞ்ச நேரத்துல சரியாப் போயிருந்தாலும் சொல்லுங்க. அதுதான் முதல் எச்சரிக்கை." அவங்க கேட்கக் கேட்க என் கண்ணு முன்னாடி பறி மறுபடியும் மறுபடியும் விழுந்துச்சு. "இல்லீங்க"ன்னேன். பச்சைப் பொய். மாமா பக்கத்துலயே நிக்கிறாரு, எந்த மூஞ்சியை வெச்சுக்கினு சொல்லுவேன்? கட்டில்ல கிடந்த அக்கா என் பக்கம் தலையைத் திருப்பினா.

அவ வாயிலிருந்து முதல் வார்த்தை வர நாலு மாசம் ஆச்சு. புள்ளைங்க பேரைச் சொல்லல, மாமாவைக் கூப்பிடல. என்னைப் பார்த்து "பறி"ன்னா. திட்டினாளா, தண்ணியில இறங்கணும்னு கேட்டாளா, இன்னி வரைக்கும் தெரியாது. அன்னிக்கே மாமா கால்ல விழுந்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவரு சைக்கிளை எடுத்துக்கினு வெளிய போயிட்டாரு.

நர்சம்மா எனக்கும் பார்த்தாங்க. எனக்கும் பிரஷர் ஏறித்தான் கிடந்துச்சு. இப்ப கஞ்சி குடிச்சு, மாத்திரை போட்டுட்டுத்தான் இறங்குறேன். புகையிலையைத் தூக்கிப் போட்டாச்சு. அக்கா தினம் கம்பை ஊனிக்கினு காலை இழுத்து இழுத்துக் கரைக்கு வந்து குந்துவா. அடிக்கொருதரம் நான் தண்ணியில எழுந்து நின்னு, அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டி, ரெண்டு கையையும் தூக்கி நீட்டணும். மத்த பொம்பளைங்க, "தோ, போலீஸ் வந்துடுச்சு, கையைத் தூக்கிட்டா"ன்னு கிண்டல் பண்ணுவாளுங்க. பண்ணிட்டுப் போறாளுங்க. வாய் கோணாம, கை ரெண்டும் சமமா இருந்தா அக்கா தன் நல்ல கையைத் தூக்கிக் காட்டுவா. அதைப் பார்த்த பிறகுதான் நான் மறுபடி குந்துவேன்.

போன செவ்வாய்க்கிழமை அவ கையைத் தூக்கல. என் இடது கையையே பார்த்துக்கினு இருந்தா. எனக்கு ஒண்ணும் தெரியல, ரெண்டு கையும் சமமாத்தான் நிக்குதுன்னு நினைச்சேன். கரையில நின்ன மீன் வியாபாரிகிட்ட மணி இன்னான்னு கத்திக் கேட்டேன். எட்டே கால்னாரு. எட்டே கால், எட்டே கால்னு சொல்லிக்கினே பறியை அங்கேயே விட்டுட்டுக் கரைக்கு வந்தேன். அக்கா கம்பைக்கூட எடுக்காம, ஆட்டோவை நிறுத்த எனக்கு முன்னாடியே ரோட்டுக்குப் போய்க்கினு இருந்தா.