வட்டத்துக்குள் வந்து நின்றவர்

என் தங்கை பள்ளி ஆசிரியை; அப்போது மூன்றாம் வகுப்பு அவளிடம் இருந்தது. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் கடை வைத்தவள். ஆனாலும் எழுவாய், பயனிலை என்றால் என்னவென்று என்னைக் கேட்டால் சொல்லிவிடுவேன். அது அவள் புண்ணியம்.

பிள்ளைகளை அவள் மனப்பாடம் செய்ய விடமாட்டாள். கரும்பலகைக்கு முன்னால் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவாள். அதற்குள் நிற்பவர் எழுவாய்; அவர் இடுப்பில் சிவப்புப் பட்டை கட்டிவிடுவார்கள். அவர் என்ன செய்கிறார் என்று வகுப்பு சொல்ல வேண்டும்; அது பயனிலை. "பூனை" என்று ஒருத்தி நின்றால், "குதிக்கிறது" என்பார்கள். அவள் குதித்தே ஆக வேண்டும். பட்டையைத் தைத்தவள் நான். மிச்சத் துணிதான், ஆனால் ஓரம் மடித்து இரட்டைத் தையல் போட்டேன். ஏனோதானோ வேலை எனக்கு ஆகாது.

ஒருநாள் சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்தார். வாசலோடு நின்றிருக்கலாம். நேரே போய் வட்டத்துக்குள் நின்றுகொண்டு, "இது கிளாஸா, சந்தைக்கடையா?" என்று கத்தினார்.

முன்வரிசையில் ஒரு வாண்டு, சுண்டெலி என்பார்கள். பட்டை கட்டுவது அன்று அவள் முறை. வட்டத்துக்குள் ஆள் நின்றால் கட்ட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். போய்க் கட்டப் பார்த்தாள். எட்டவில்லை.

"சார், கொஞ்சம் வயித்த எக்குங்க."

"தலைமையாசிரியர்!" என்றது வகுப்பு. அடுத்த மூச்சில், "கத்துகிறார்!"

விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அவர் பட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். மாலையில் தங்கையைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலைல எல்லார் முன்னாடியும் அந்தப் பொண்ணு மன்னிப்புக் கேக்கணும். இல்லன்னா மூணாங் கிளாஸ் உங்களுக்கு இல்ல."

அந்த வகுப்புக்காக அவள் எத்தனை வருஷம் நடையாய் நடந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் வந்து சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வட்டத்துக்குள்ள வந்து நின்னது யாரு? இரு, அந்த ஆளையே கேக்குறேன்" என்று செருப்பைத் தேடினேன்.

"அக்கா, மொதல்ல கத்தரிக்கோலக் கீழ வை. இப்படியே போனா போலீஸ்தான் வரும்."

"அப்ப அந்தப் புள்ளைய மன்னிப்புக் கேக்க வெச்சிருவியா?"

"வெச்சா, அப்புறம் எது கேட்டாலும் அது வாயே தொறக்காதுக்கா."

மறுநாள் மைதானத்தில், சுண்டெலியை வரிசையிலேயே நிற்க வைத்துவிட்டு இவள் முன்னால் போனாள். "அவ தப்புப் பண்ணல சார். நான் சொல்லிக்குடுத்தத சரியா செஞ்சா. மன்னிப்புக் கேக்க ஒண்ணுமில்ல."

அன்று மதியமே வகுப்பு கைமாறியது. இப்போது அங்கே கையைக் கட்டிக்கொண்டு இலக்கணத்தை ஒப்பிக்கிறார்களாம். என்ன ஒரு அமைதி என்று அந்த மனுஷன் பூரித்துப்போகிறாராம். நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. தங்கையை ஒன்றாம் வகுப்புக்குத் தள்ளிவிட்டார்கள். அது தண்டனையாம்! சின்னப் பிள்ளைகளைத் தண்டனை என்று நினைக்கிறவர் கையில் ஒரு பள்ளிக்கூடம்.

நேற்று கடைக்கு வந்து, "அக்கா, சிவப்புத் துணி இருக்கா?" என்றாள்.

"இன்னும் புத்தி வரலையாடி ஒனக்கு?"

வாய்தான் அப்படிக் கேட்டது. கை அதற்குள் துணி மூட்டையை அவிழ்த்துவிட்டது.

"அளவக் கொறச்சுக்கோ. ஒண்ணாங் கிளாஸ் இடுப்பு."

சின்னதாகவே ஒன்று வெட்டினேன். கூடவே அவளுக்குச் சொல்லாமல் நீளமாக இன்னொன்று. இனி எந்த வயிறு வந்து வட்டத்தில் நின்றாலும் எட்ட வேண்டுமல்லவா?