ஏரி உப்பைப் பேத்தெடுத்த கதை

கண்ணுக்குத் தெரியாத உயிர்களை வளர்க்கிற வேலையில் ஒரு சங்கடம்: அவை செத்தாலும் சத்தம் வராது, பிழைத்தாலும் சத்தம் வராது. ஆய்வகத்தில் குடுவையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் என் வயிற்றெரிச்சல் புரியும்.

நல்ல தண்ணீர்

2000களின் நடுவில் சென்னையிலிருந்து கனடாவின் மொன்றியலுக்கு ஆராய்ச்சி செய்ய வந்தேன். பதினாலாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஓர் இமயமலை உப்பு ஏரியிலிருந்து எனக்கென்று வந்தவை இரண்டே பாட்டில் தண்ணீர். அதிலுள்ள நுண்ணுயிர்களை வளர்த்துக் காட்ட வேண்டும்.

முதல் பாட்டிலை வடிகட்டி, கிடைத்த உயிர்களைச் சுத்தமாக இருக்கட்டுமே என்று காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவினேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. உப்பில்லாத தண்ணீர் உள்ளே புகுந்து எல்லாம் வெடித்துவிட்டன. எங்கள் டெக்னீஷியன் சிவம் அண்ணை எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள லொங்குய்யிலிருந்து மெட்ரோவில் வருகிறவர்.

"பிள்ளை, உதுகளுக்கு நல்ல தண்ணிதான் நஞ்சு."

கர்க்லாண்ட் மாமி

பேராசிரியர் கெடு வைத்தார். இரண்டு மாதத்தில் ஏதாவது வளராவிட்டால் ஏரியை விட்டுவிட்டு வேறு தலைப்பு. அந்த ஏரிக்காகவே கடல் தாண்டி வந்தவள் நான். அழுது வீங்கிய முகத்தோடு மேற்குப் புறநகரான கர்க்லாண்டில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போனேன். என்ன ஆச்சு என்று கேட்ட அந்த வீட்டுச் சென்னை மாமியிடம், உப்பில் கிருமி வளர்க்கப் படாதபாடு படுவதைச் சொன்னேன்.

"இதுக்கா அழறே? என் ஊறுகா ஜாடியில கேக்காமலேயே வளருதே!"

ஒட்டியிருந்த சீட்டு

இரண்டாவது பாட்டில் வரும் வழியிலேயே கசிந்து, தண்ணீர் வற்றி, அடியில் உப்பு கட்டிதட்டியிருந்தது. எந்த உப்பு முதலில் படிந்தது, எது அப்புறம் என்று அடுக்கடுக்காகப் பார்த்தால் ஏரியின் ரசாயனம் தெரியும்; அது அண்ணையின் பொறுப்பு. ஒரு நாள் காலையில் பாட்டில்மேல் சிவம் அண்ணையின் சீட்டு: 'உப்பைப் பேந்து எடுங்கோ.'

'பேத்து', அதாவது பெயர்த்து, என்பதில் அண்ணை எழுத்துப் பிழை விட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கரண்டியை உள்ளே விட்டு ஒரு நெம்பு நெம்பினேன். உப்பு சில்லு சில்லாகத் தெறித்தது. சத்தம் கேட்டு ஓடிவந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ பிள்ளை, பேந்து எண்டால் பிறகு! படம் எடுத்த பிறகு எடுங்கோ எண்டெல்லோ எழுதினனான்!"

ரோஜா நிறம்

நல்லவேளை, பாதி உப்பு ஒட்டியே இருந்தது. அண்ணையின் அடுக்குகள் தப்பின. உடைந்த சில்லுகளைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. கெட்டியான உப்புக் கரைசலில் போட்டு, வெதுவெதுப்பான அலமாரியில் வைத்தேன். வாரங்கள் ஓடின. ஒன்றும் இல்லை.

கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது அலமாரியைத் திறக்கிறேன், குடுவை முழுக்க ரோஜா நிறம்! உப்பு உறைந்தபோது அதற்குள் மாட்டிக்கொண்ட துளித் துளி ஏரித் தண்ணீரில் அவை உயிரோடு இருந்திருக்கின்றன. நான் போட்ட கூச்சலில் மாடியே திரண்டுவிட்டது. நான் குதித்துக்கொண்டிருந்ததால் சிவம் அண்ணைதான் ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. நானும் பார்க்கிறேனே என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நீந்துதுகள் பிள்ளை, நீந்துதுகள்! நீங்கள் பேந்து பாருங்கோ!"

தமிழ் கொஞ்சமும் தெரியாமல் இருந்திருந்தால் எனக்குப் பட்டம் கிடைத்திருக்காது, முழுசாகத் தெரிந்திருந்தாலும் கிடைத்திருக்காது.