பொட்டும் இத்தாவும்

உளவள ஆலோசகர் பயிற்சி தொடங்கிய முதல் வாரத்திலேயே நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஓர்ஸ் ஹில்லில் ஒரு மாடி அறை. வெருகல், கிண்ணியா, சாம்பல்தீவு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தோம். எந்த விடயத்தில் உங்களால் விட்டுக்கொடுக்கவே முடியாது என்று பயிற்சி தந்த மிஸ் ஒவ்வொருவராகக் கேட்டார்.

"புருசன் செத்தால் பொம்பிளையை மூலையில இருத்திற வழக்கத்துக்கு நான் துணை போகமாட்டன். அது எந்தச் சமயமா இருந்தாலும் சரி" என்றேன். பக்கத்துக் கதிரையில் இருந்த கிண்ணியா முஸ்லிம் தோழி என்னைப் பார்க்கவில்லை.

நான் சும்மா சொல்லவில்லை. என் கணவர் இறந்த அன்று என் பொட்டை அழிக்க வந்த பெரியம்மாவின் கையைத் தட்டிவிட்டவள் நான். அதற்குப் பிறகு வெகுகாலம் எந்தக் கலியாண வீட்டுக்கும் எனக்கு அழைப்பில்லை. பொட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

மிஸ் அதை மறக்கவில்லை. செயல்முறைப் பயிற்சியில் எனக்கு முதலில் கிடைத்தவள் கிண்ணியாவில் இத்தா இருந்த ஒரு பெண். கணவன் இறந்தபின் நாலு மாதத்துக்கு மேல், அவசியம் இல்லாமல் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருப்பதுதான் இத்தா. "ஏலாதெண்டால் சொல்லுங்கோ, வேற ஆளுக்குக் குடுக்கிறன். ஆனா இவவிட கதையைக் கேக்க ஏலாதெண்டால் இந்த வேலையும் உங்களுக்குச் சரிவராது" என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. நானே போகிறேன் என்று வெளிக்கிட்டேன்.

எங்களைக் கூப்பிட்டிருந்தது அவளுடைய அண்ணன். கொழும்பில் வேலை, லீவு முடியப்போகிறது, தங்கச்சியைக் கையோடு கூட்டிப்போக வேண்டும். வாசலிலேயே என்னை மறித்தார். "இந்தக் காலத்தில ஆர் மிஸ் இதெல்லாம் பாக்கிறது? நீங்க கதைச்சு வெளிய கொண்டுவாங்க." என் மனதில் இருந்ததை அவரே சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

உள்ளே வெள்ளை உடுப்போடு இருந்தவள், நான் தொடங்குமுன் தானே கேட்டாள்.

"உங்கட அவர் என்ன செய்யிறார் மிஸ்?"

சொந்தக் கதை சொல்லக்கூடாது என்று படிப்பித்திருந்தார்கள். ஆனால் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "அவர் இப்ப இல்லை."

"அப்ப பொட்டு?"

"அது என்ட விருப்பம்." கொஞ்சம் சூடாகத்தான் சொன்னேன்.

"ஆக்கள் விட்டாங்களா?"

"விடேல்ல. சண்டை பிடிச்சுத்தான் வைச்சிருக்கிறன்."

அவள் தலையாட்டினாள். "எனக்கும் இது அப்பிடித்தான் மிஸ். அவர்ட வீட்டில இருந்து இத்தாவ முடிக்கோணும். அவருக்கு நான் செய்யிற கடைசி வேலை. காக்கா வெளிக்கிடு, வெளிக்கிடு எண்டுறார். அவருக்கு முன்னால எனக்கு வாய் வருகுதில்ல."

அண்ணனைத்தான் காக்கா என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அன்று பெரியம்மா நீட்டிய கையை இன்று நான் நீட்டிக்கொண்டு வந்திருந்தேன். நல்லவேளை, தொட முன்னம் அவள் பேசிவிட்டாள்.

"காக்காவுக்குச் சொல்ல வேண்டியதை முதல்ல எனக்குச் சொல்லிப் பாருங்கோ" என்றேன். முதலில் முணுமுணுத்தாள். பிறகு குரல் வந்தது. கடைசியில் கோபமும் வந்தது, அதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோசம்.

அண்ணனைக் கூப்பிட்டாள். "நான் வரல்ல காக்கா. இத்தா முடியட்டும். பிறகு வாறதா இல்லையா எண்டு நானே சொல்றன்." அவர் உதவிக்கு என்னைப் பார்த்தார். "அவ சொல்றதைக் கேளுங்கோ" என்றேன். முகம் கறுத்துத்தான் போனார், ஆனால் தனியாகத்தான் போனார். திரும்பும் வழியில், கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஓடும்போது நான் என்னையறியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சி முடியும் தறுவாயில் ஒரு காலை, ஓர்ஸ் ஹில் மாடிப்படியில் யாரோ ஏறி வந்தார்கள். பச்சை அபாயா, கையில் குடை.

"இத்தா முடிஞ்சுது மிஸ்" என்று கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். "ஒருத்தரும் கூட்டிவரல்ல. நானாத்தான் வந்தனான். இனி என்ட கதையைக் கேளுங்க."