குதிரையில் வந்த ஆமிக்காரன்

நம்பாவிட்டால் போங்கள், நான் கோபிக்க மாட்டேன். பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால் முதலில் சிரிக்கிறவனே நான்தான். ஆனால் இது பட்டப்பகலில், லண்டன் இல்ஃபோர்டில், எங்கள் வீட்டு ஹோலில் நடந்தது.

ஊரில் சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். தானமாக வந்த பழைய சாமான் விற்கிற ஒரு சாரிட்டிக் கடையில் பழைய பென்சில் படம் ஒன்று வாங்கிவந்தேன். இருநூறு வருடத்துக்கு முந்தியது என்றார்கள். குதிரைமேல் ஓர் இராணுவ அதிகாரி, நெஞ்சில் பொத்தான் வரிசை, நேரே நம்மைப் பார்க்கிற முகம், குதிரையின் பிடரிமயிர் காற்றில் பறப்பது அவ்வளவு அழகு. சுவரில் மாட்டிவிட்டுத் திரும்பினால் என் மனைவி வசந்தி உள்ளே வராமல் வாசலிலேயே நிற்கிறாள்.

"ஆமிக்காரனை ஏனப்பா வீட்டுக்குள்ள கொண்டுவந்தனீங்கள்?"

"இவன் வெள்ளைக்காரனப்பா. செத்து எவ்வளவு காலம்!"

"ஆமி எண்டா ஆமிதான்."

நாங்கள் லண்டனுக்கு வருமுன்பே அவளுடைய ஒரே தம்பியை யாழ்ப்பாணத்தில் ஆமி பிடித்துக்கொண்டு போனது. பிறகு ஒரு தகவலும் இல்லை. முகாம் முகாமாக அலைந்தவள் அவள். சமாதானம் என்றதும், இனி விட்டுவிடுவார்கள் என்று டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாவம்.

ஒரு மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், உள்ளே பேச்சுச் சத்தம். வசந்தி அந்தப் படத்தின் முன்னால் கைகூப்பி நிற்கிறாள்.

"ஐயா, அவன் படிக்கிற பிள்ளை ஐயா. உயிரோட இருக்கிறானோ, அதை மட்டும் சொல்லுங்கோ ஐயா."

முகாம் வாசல்களிலும் இப்படித்தான் கெஞ்சியிருப்பாள்.

பிறகுதான் படத்தைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் முகத்தைக் காணவில்லை. காதும் பின்கழுத்தும்தான் தெரிந்தன. குதிரை அப்படியே நிற்கிறது, பொத்தான்கள் அப்படியே இருக்கின்றன, தலை மட்டும் மறுபக்கம் திரும்பியிருக்கிறது. அழித்துக் கீறிய அடையாளமும் இல்லை, கண்ணாடியைக் கழற்றிய அடையாளமும் இல்லை.

வசந்தி அதைப் பார்த்தபடியே கூப்பிய கையை இறக்கினாள். அன்று பின்னேரம் தம்பியின் போட்டோவுக்கு மாலை போட்டு விளக்கேற்றினாள். உயிரோடு இருக்கிறவனுக்கு யாராவது மாலை போடுவார்களா என்று அதுவரை எல்லோரோடும் சண்டை பிடித்தவள். பிறகு நிலத்தில் குந்தியிருந்து குழறி அழுதாள், நானும் அழுதேன்.

அந்தச் சனியனை எறிந்துவிடுவோம் என்றேன். அவள் விடவில்லை.

"இருக்கட்டும். எத்தினை பேரிட்டக் கேட்டிருப்பன். எல்லாரும் என்ர முகத்தைப் பாத்துப் பொய் சொன்னவங்கள். இவனுக்கு அது ஏலாமப் போச்சு."

படம் இன்றும் அதே சுவரில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், முகம் தெரியாத படத்தைப் போய் ஏன் வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள். நான் வாங்கும்போது அவனுக்கு முகம் இருந்தது.