துவக்கும் ரவையும்

எங்கள் வீட்டில் ஒரு துவக்கு இருக்கவேண்டும் என்று அப்பா முடிவெடுத்தது, பின்பக்கம் வைத்திருந்த காஸ் சிலிண்டர் காணாமல் போன காலையில். துவக்கு என்றால் துப்பாக்கி. யாழ்ப்பாணத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதற்குள் போடும் தோட்டாவை ரவை என்போம். உப்புமாவுக்குப் போடுவதும் ரவைதான். இந்த இரண்டையும் எங்கள் ஆட்கள் ஒருநாளும் குழப்பிக்கொண்டது கிடையாது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு எட்டு வயது. ஓமான் நாட்டுச் சலாலாவில் தென்னந்தோட்டங்கள் முடிந்து வெறும் மண் தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு இருந்தது. அப்பா ஒரு கட்டடச் சாமான் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அதுவரை மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கமும் போட்டுப் போகிற மனிதருக்கு, அந்த மாதம் டியூட்டி மாறியது. மூன்று கிழமை, அதாவது மூன்று வாரம், பாலைவனத்து சைட்டில், ஒரு கிழமை வீட்டில். அந்த உத்தரவு வந்த கிழமையில்தான் சிலிண்டர் போனது. அப்பாவுக்கு இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அதிக நேரம் எடுக்கவில்லை.

“ஒண்டில் வீட்டிலை துவக்கு இருக்கவேணும். இல்லாட்டி உங்களுக்கு ரெண்டு டிக்கெட் போடுறன். கொழும்பிலை போய் இருங்கோ” என்றார்.

கொழும்புக்குப் போனால் அப்பாவை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, லீவில் மட்டும்தான் பார்க்கலாம். ஆகவே நான் துவக்கின் பக்கம் சேர்ந்துகொண்டேன். சாமிப்படத்துக்கு முன்னால் கண்ணை மூடி, “பிள்ளையாரே, எப்பிடியாவது ஒரு நல்ல துவக்காத் தாரும்” என்று கும்பிட்டேன். அவரிடம் அப்படி ஒரு வேண்டுதல் அதற்கு முன் போயிருக்காது.

அம்மா மறுபக்கம். “ஊரிலையிருந்து நாங்கள் ஓடி வந்ததே துவக்குக்குப் பயந்துதானே. இஞ்சை வந்து அதைக் கூப்பிட்டு வீட்டுக்குள்ளை வைக்கப்போறியளோ? பிள்ளை இருக்கிற வீடு இது.”

“அப்ப டிக்கெட் போடுறன்” என்றார் அப்பா. அம்மா சட்டி கழுவப் போய்விட்டார். அம்மாவுக்கும் கொழும்பு வேண்டாம்.

துவக்குக்கு நாங்கள் எங்கும் அலையத் தேவையிருக்கவில்லை. எங்கள் கஃபீல், அதாவது எங்கள் விசாவுக்கும் அந்த வீட்டுக்கும் பொறுப்பான அரபி, மலைநாட்டு மனிதர். அவருடைய ஆட்கள் தோளில் துவக்கோடு கடைக்கு வந்து வெங்காயம் வாங்கிக்கொண்டு போவார்கள். அப்பா தன் கவலையைச் சொன்னதும், “என்னட்ட மூண்டு இருக்கு. எது வேணுமெண்டு யோசிச்சுச் சொல்லிவிடு, அனுப்புறன்” என்ற கருத்தில் அரபியும் ஹிந்தியும் கலந்து சொன்னாராம். வெளிநாட்டுக்காரன் துவக்கு வைத்திருக்கலாமோ என்று அப்பா தயங்கியிருக்கிறார். “துவக்கும் என்னுடையது, வீடும் என்னுடையது, நடுவில் நீ யார்?” என்று கேட்டுவிட்டு, கலாஸ், கதை முடிந்தது என்று மாடுகளைப் பார்க்க மலைக்குப் போய்விட்டார். மழைக்காலம் முடிந்து மலை பச்சையாக இருக்கிற நாட்கள் அவை. வியாழக்கிழமைகளில் கம்பெனி டிரைவர் மாட்டுத்தீவனம் கொண்டுபோவார். அவரிடம் சொல்லிவிட்டால் போதும்.

ஸ்டோர் கீப்பருக்கு எதையும் எடுப்பதற்கு முன் மூன்று கொட்டேஷன் வேண்டும். அப்பா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு, மூன்று துவக்குகளையும் வரிசையாக எழுதினார். அவருக்குத் துணையாகச் சின்ன மாமா வந்து உட்கார்ந்தார். அம்மாவின் தம்பி. ஏசி திருத்தும் கடையில் வேலை. ஆயுதம் என்று அவர் கையில் பிடித்தது ஸ்க்ரூ டிரைவர் மட்டும்தான். ஆனால் மாமாவுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றும் இல்லை.

“ரைஃபிள்தான் அத்தான். அரை மைலுக்கு அங்காலை நிக்கிறவனும் விழுவான்.”

“எங்கடை கள்ளன் குசினி வாசலிலை நிப்பான். அரை மைலுக்கு அங்காலை நிக்கிறவனை நான் ஏன் சுடவேணும்?” என்றார் அப்பா. எழும்பிப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல். “இதுக்குள்ளாலை போய், முன்வீட்டுக் கதவுக்குள்ளாலையும் போய், ஆரின்ரையோ மாடு சாகும்” என்று ரைஃபிளை வெட்டினார். இரண்டாவது, கஃபீலின் பாட்டன் காலத்துத் துவக்கு. அது வெடிக்குமா, பிடித்தவரின் தோளை உடைக்குமா என்று அதற்கே தெரியாது என்று அதையும் வெட்டினார். மிச்சம் இருந்தது இரட்டைக் குழல் வேட்டைத் துவக்கு.

பிறகு ரவைப் பிரச்சினை. பெரிய ரவை போடுவதா, பொடி ரவை போடுவதா என்று இரண்டு நாள் கதைத்தார்கள். பெரிசு போட்டால் ஆள் செத்துப்போவான், பிறகு ஜெயில் என்றார் அப்பா. பொடிசு போட்டால் கள்ளனுக்குச் சொறிதான் வரும் என்றார் மாமா. “சொறிஞ்சுகொண்டு ஓடட்டும், எனக்கு அது காணும்” என்று அப்பா பொடி ரவைக்குக் கையெழுத்துப் போட்டார். உண்மையாகவே தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினார்.

கடைசியாக ஒத்திகை. அப்பா இல்லாத நேரம் துவக்கைத் தூக்கவேண்டியவர் அம்மா என்பது அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. கூட்டுகிற நீளத் தும்புத்தடியை அம்மாவின் தோளில் வைத்து, கையை இப்படிப் பிடி, கன்னத்தை அப்படி வை என்று மாமா சொல்லிக்கொடுத்தார். பிறகு தானே கள்ளனாகி, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு அடுப்படிப் பக்கத்துக் குசினிக் கதவால் பதுங்கிப் பதுங்கி வந்தார். அம்மா தும்புத்தடியை நீட்டியபடி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“தேத்தண்ணி குடிக்கிறியோ?” என்று கேட்டார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மறுநாள் விடியவே அவரை ஏற்றிப்போக சைட் வண்டி வந்துவிடும். “வியாழக்கிழமை டிரைவர் வருவான். துவக்கும் ரவையும் அனுப்பச் சொல்லு. பொடி ரவை. மறந்துபோகாதை” என்று மூன்று தடவை சொன்னார். வேறு யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்று எனக்கும் உத்தரவு. துவக்கு வரப்போகும் விஷயம் அந்த டிரைவருக்கே தெரியாது.

டிரைவர் மாமா ராமநாதபுரத்துப் பக்கம். தங்கமான மனிதர். எங்கள் தமிழ் அவருக்குப் பாதிதான் விளங்கும். நாற்காலியைக் காட்டி நான் கதிரையில் இருங்கோ என்றால் முழிப்பார். அம்மாதான் இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்ப்பாளர், ஏனென்றால் அம்மா நாலு வருடம் திருச்சியில் படித்தவர். டிரைவர் மாமாவைக் கண்டால் “வாங்கண்ணே, உக்காருங்க, காபி சாப்பிடுறீங்களா” என்று அச்சு அசலாக அவர் ஊர்க்காரி ஆகிவிடுவார். நானும் அப்பாவும் பின்னால் நின்று அதைச் சொல்லிக்காட்டிச் சிரிப்போம்.

வியாழக்கிழமை வந்தது. டிரைவர் மாமா வாசலில் வண்டியை நிறுத்தினார்.

“அண்ணை, ஒரு அலுவல்” என்றார் அம்மா. “கஃபீலிட்டைச் சொல்லவேணும், எங்கடை வீட்டுக்குத் துவக்கும் ரவையும் அனுப்பட்டாம்.”

“துவக்கும்...” என்று டிரைவர் மாமா இழுத்தார். “துவக்கத்துக்கு ரவை அனுப்பணும்னு சொல்லணும். அதானக்கா?”

“ஓம். துவக்கும் ரவையும்.”

நான் “மாமா, அது...” என்று வாயைத் திறந்தேன். “பிள்ளை, போய் டிரைவர் மாமாவுக்குத் தண்ணி எடுத்துக்கொண்டு வா” என்றார் அம்மா. போகும்போது பின்னால் கேட்டுக்கொண்டே போனேன்.

“பெரிய ரவையாக்கா, பொடி ரவையா?”

“பொடி. அவர் நாலு நாளா யோசிச்சு எடுத்த முடிவு.”

“உப்புமாவுக்குப் பெருசுதானேக்கா நல்லாருக்கும், உதிரி உதிரியா வரும்? சரி, சார் சொன்னா சரி.” தண்ணீரைக் குடித்துவிட்டு என் தலையைத் தடவினார். ரவைக்காக நாலு நாள் யோசிக்கும் நிலைக்கு எங்கள் வீடு வந்துவிட்டதே என்று அவருக்குக் கண் கலங்கியதுபோல் இருந்தது.

மறுநாள், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் கஃபீலின் பிக்கப் எங்கள் கேற்றுக்குள் நுழைந்தது. நான் துவக்கைத் தேடி ஓடினேன். பின்பக்கத்தில் இரண்டு மூடை ரவை, ஒரு மூடை அரிசி, ஒரு தகரம் நெய், உயிரோடு ஓர் ஆடு. முன்பக்கத்தில் கஃபீல், அவருடைய விதவைத் தங்கை, அந்தத் தங்கையின் இரண்டு பெண்கள்.

கஃபீல் கோபத்தில் சிவந்திருந்தார். தான் துவக்குத் தருவதாகச் சொல்ல, இவர்கள் மாவு கேட்டு ஆளனுப்புகிறார்களே, வீட்டில் சாப்பாடு மாஃபி, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, தன் நிழலில் இருக்கும் பெண்ணும் பிள்ளையும் பசியோடு இருந்தால் தன் மானம் என்ன ஆவது என்று வாசலில் நின்று கத்தினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சலாலாவுக்கு வந்து அம்மா நன்றாகச் சதை போட்டிருந்தார். பசித்த வீட்டுக்காரியாக நிற்பது லேசான வேலையாக இருந்திருக்காது.

அப்பா சைட்டில் இருக்கும் நாட்களில் தன் தங்கையும் பெண்களும் எங்கள் முன் அறையில் தங்குவார்கள் என்று கஃபீல் உத்தரவு போட்டார். தோட்டக்காரரைக் கேற்றடியில் கட்டில் போட்டுப் படுக்கச் சொன்னார். அந்தத் தங்கை வாயைத் திறந்தால் தெருவில் போகும் ஒட்டகம் திரும்பிப் பார்க்கும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப்பக்கம் ஒரு பூனைகூட எட்டிப்பார்க்கவில்லை. சிலிண்டரும் திரும்பி வந்தது. காஸ்காரர் தவறுதலாக வண்டியில் ஏற்றிவிட்டாராம்.

மூன்று கிழமை கழித்து வந்த அப்பா, குசினியில் இருந்த மூடைகளைப் பார்த்தார். “துவக்கு எங்கை?”

“நான் நீங்கள் சொன்ன மாதிரித்தான் சொன்னனான். அந்த மனிசனுக்குப் பிழையா விளங்கீட்டுது, பாவம்” என்றார் அம்மா.

அப்பாவுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு கதிரையில் விழுந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முன் அறையிலிருந்து பெண்களின் சத்தம் வந்துகொண்டிருந்தது. கேற்றடியில் கட்டிலைப் பார்த்தார், தோட்டக்காரரைப் பார்த்தார். டிக்கெட் பற்றி அவர் பிறகு வாயே திறக்கவில்லை. நான் பிள்ளையாருக்கு நன்றி சொன்னேன். கேட்டதைத் தராவிட்டாலும் காரியத்தை முடித்துவிட்டாரே.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த விருந்திலும் அப்பா இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. “இந்தியத் தமிழனிட்டைத் துவக்குக் கேட்ட கதை” என்று தொடங்குவார். டிரைவர் மாமாவும் வெட்கத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு சேர்ந்து சிரிப்பார். அவருக்கு எப்போதும் முதல் தட்டு போகும். உப்புமா, கேசரி, ரவைத் தோசை என்று அந்த வருடம் முழுக்க நாங்கள் ரவைதான் தின்றோம். கஃபீலின் தங்கை ரவை உருண்டை பிடிப்பதில் அம்மாவையும் மிஞ்சிவிட்டார்.

அப்பா முதல் தடவை அந்தக் கதையைச் சொன்ன அன்று, எல்லோரும் சிரித்து முடிய, நான் குசினிக்குப் போனேன். அம்மா சுடச்சுட ரவை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, என்ரை விளையாட்டுத் துவக்கை டிரைவர் மாமாவுக்குக் காட்டேக்கை, ‘அது துப்பாக்கிண்ணே’ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? அண்டைக்கு மட்டும் ஏன் எங்கடை தமிழிலை கதைச்சனீங்கள்?”

அம்மா வாசல் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்ததில் பெரிய உருண்டையாக ஒன்றை எடுத்து, நெய் சொட்டச் சொட்ட, என் வாய் நிறையத் திணித்தார். நல்ல பிள்ளையாக இருந்ததற்குக் கிடைத்த பரிசு என்று நினைத்து, நான் அதை வெகுநேரம் மென்றுகொண்டிருந்தேன்.